அறுபத்து நான்கு எழுத்தையும் படிப்பவர்

திருத்தணியில் நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் சிஸ்டம் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று எது மக்கர் செய்தாலும் அவரிடம்தான் போய் நிற்போம். டாக்டர் அறையில் ஏசி ஓடவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது என் வேலையில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சவங்களுக்குப் போன் போட்றேன்" என்பார். தெரியாது என்பதை அவ்வளவு கூச்சமில்லாமல் சொல்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயது நாற்பதை ஒட்டியிருக்கும். ஆந்திர எல்லையைத் தாண்டி நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டு, "நைனா, மாத்ர வேசுகுன்னாவா?" என்று, மாத்திரை போட்டுக்கொண்டாரா என அப்பாவிடம் தெலுங்கில் கேட்பார். போனை வைத்ததும் எங்களிடம் திருத்தணித் தமிழ். தோளில் மாட்டிய பையில் கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

அந்த நோட்டு எதற்கு என்று எனக்குத் தெரிந்தது, லேபில் புது ரத்தப் பரிசோதனை மெஷின் வந்த அன்று. மெஷினோடு வந்த இன்ஜினியர் ஒரு பென் டிரைவை நீட்டி, "இதுல சாஃப்ட்வேர் கீது மேடம், போட்டுக்குங்க" என்றார்.

"இதோட ஹாஷ் இன்னாங்க?"

"இன்னாது?"

"ஹாஷ். கம்பெனி போட்டிருப்பாங்களே, நீள நம்பரு."

"மேடம், ஃபைல் மேலயே கம்பெனி பேரு கீது பாருங்க."

"பேரு யாரு வேணா வெக்கலாம்ங்க" என்றார் மேடம்.

இன்ஜினியர் முனகிக்கொண்டே தன் ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்தை என் போனில் திறந்து என் கையில் கொடுத்தார் மேடம். "லேப்காரரே, நீங்க இத்த படிங்க. நான் இங்க திரையில பாக்குறேன்" என்றார். நான் படித்தேன். ஒன்பது, எஃப், மூன்று, மூன்று, ஏ, ஏழு. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு வரி. ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"முதல் நாலும் கடைசி நாலும் பாத்தா போதாதா மேடம்?" என்று கேட்டேன்.

"நடுவுல கீறவங்க இன்னா பாவம் பண்ணாங்க? படிங்க."

அறுபத்து நான்கையும் படித்து முடித்தோம். "ஆங், சரியா கீது" என்று சொல்லி, தேதி, சாஃப்ட்வேர் பெயர், எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது, கடைசிக் கட்டத்தில் அந்த அறுபத்து நான்கு எழுத்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய பிறகுதான் சாஃப்ட்வேரைப் போட்டார். ஒப்பிடுவதைக் கம்ப்யூட்டரே செய்துவிடுமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். செய்யும், அதையும் செய்கிறேன், ஆனால் ஒரு முறையாவது மனுஷக் கண்ணும் பார்க்கட்டும் என்றார்.

ஹாஷ் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைக்க அவர் அதிகம் பேசவில்லை. நான் எழுதி வைத்திருந்த விடுப்புக் கடிதம் ஒன்றைத் திரையில் திறந்தார். அதற்கு ஹாஷ் போட்டுக் காட்டினார். ஃபைலின் பெயரை 'மருதாணி' என்று மாற்றினார். மறுபடி போட்டார். அதே எழுத்துகள் வந்தன. பிறகு கடிதத்தின் முடிவில் ஒரே ஒரு புள்ளி வைத்துச் சேமித்தார். இப்போது போட்டபோது வந்த வரிக்கும் பழைய வரிக்கும் ஒட்டுறவே இல்லை.

"உள்ள இருக்கறது மாறாத வரைக்கும் இது மாறாது. உள்ள ஒரு புள்ளி மாறினா மொத்தமும் மாறிடும். உலகத்துல எந்தக் கம்ப்யூட்டர்ல போட்டாலும் இதே கணக்குதான்" என்றார்.

அவரிடம் ஒரு பட்டியலும் இருந்தது. ஆஸ்பத்திரியில் போடுகிற ஒவ்வொரு சாஃப்ட்வேர் பொதியையும் முதலில் பிரித்து, அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்து, இது இன்ன பொதியின் இன்ன ஃபைல் என்று குறித்து வைத்திருந்தார். இதுபோன்ற பட்டியல்களை உலகத்தில் பலர் பொதுவில் வைத்திருக்கிறார்களாம். அவற்றையும் இறக்கிச் சேர்த்திருந்தார். இத்தனை பெரிய பட்டியலில் இருப்பதெல்லாம் நல்ல ஃபைல்களா என்று நான் கேட்டபோது உடனே மறுத்தார்.

"நல்லதுன்னு யாரு சொன்னா? எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும். அவ்ளோதான் தெரியும்."

கம்ப்யூட்டரோடு நிற்கிற குணம் இல்லை அது. மதியம் சாப்பிடும்போது ஆஸ்பத்திரியில் எல்லாக் கதையும் வரும். வேலையை விட்டு நின்றுபோன ஒரு நர்ஸைப் பற்றி, யாரோடோ போய்விட்டாள் என்று பேச்சு எழுந்தது. எல்லோரும் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். மேடம் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து, "நீங்க பாத்தீங்களா?" என்று ஒருத்தியைக் கேட்டார். இல்லை, அக்கவுண்டன்ட் சொன்னார் என்றாள் அவள். அக்கவுண்டன்டைக் கேட்டார். அவருக்கு யாரோ சொன்னார்களாம். "அப்ப நமக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தயிரை ஊற்றிக்கொண்டார். குரலில் கண்டிப்போ குத்தலோ இல்லை. ஆனால் அந்தக் கதை அதற்கு மேல் நகரவில்லை. அப்படிப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிடப் பலருக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. பல நாள் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார்.

பெரிய டாக்டரையே ஒருமுறை காக்க வைத்தார். டாக்டர் வெளியூர் போயிருந்தார். புது நம்பரிலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. நான்தான் டாக்டர், என் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது, உடனே சொல்லுங்கள் என்று ஒரு குரல். நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். டாக்டர் குரல் போலத்தான் கேட்டது.

"வெச்சிடுங்க சார். நான் டாக்டர் வூட்டு நம்பருக்குப் பேசிட்டு உங்களைக் கூப்புடுறேன்."

"அட, நான்தாம்மா பேசறேன்!"

"இருக்கலாங்க. கேட்டுட்டுக் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார். டாக்டரின் மனைவியிடம் விசாரித்து, கணவரின் போன் தண்ணீரில் விழுந்தது உண்மைதான் என்று தெரிந்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார். டாக்டர் கடுகடுவென்று பேசினார். ஆனால் ஊர் திரும்பியதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னிடமும் அவர் அப்படித்தான். ஒரு நாள் லேப் ரிப்போர்ட் அச்சடிக்கிற சிறிய சாஃப்ட்வேர் ஒன்றை நானே வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். என் கண்முன்னாலேயே அதற்கு ஹாஷ் எடுத்துப் பட்டியலில் தேடினார். மூன்று வருஷப் பழக்கம். பொங்கலுக்குப் பொங்கல் மணவூரிலிருந்து கரும்பு கொண்டுவந்து கொடுப்பவன் நான். எனக்குச் சுருக்கென்றது.

"என் மேலயே சந்தேகமா மேடம்?"

"உங்க மேல இல்லீங்க. ஃபைலப் பாக்குறேன். நீங்க வேற, ஃபைலு வேற" என்றார். அன்று முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இத்தனை சொன்னதும் ஆடிக் கிருத்திகை நாள் ஒன்றில் நடந்ததைச் சொல்வதற்காகத்தான்.

கிருத்திகைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூக்காவடியும் அரோகரா சத்தமுமாக மலைக்குப் போகும் தெருவெல்லாம் ஜனம். வெயிலில் மயங்கியவர்கள், படியில் விழுந்தவர்கள் என்று எங்கள் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. லேப் வாசலில் பதிவு செய்கிற கோமதியின் கம்ப்யூட்டரில்தான் லேப் ரிப்போர்ட்டும், ரத்தக் குழாய்களுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரும் அச்சாகும். கோமதி அம்மையார்குப்பத்துப் பெண், சின்ன வயசு, சூட்டிகையானவள். பதினோரு மணிக்கு அந்த ஸ்டிக்கர் பிரிண்டர் நின்றுபோனது. அதை ஓட்டுகிற சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று திரையில் வந்தது.

மேடம் மாடியில் வார்டில் இருந்தார். நான் பொறுக்காமல் கோமதியின் கம்ப்யூட்டரிலேயே பிரிண்டரின் பெயரைத் தட்டித் தேடி, முதலில் வந்த இடத்திலிருந்து அந்த சாஃப்ட்வேரை இறக்கி வைத்தேன். போடுவதற்கு மேடத்தின் பாஸ்வேர்டு வேண்டும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்.

ஓடி வந்தார். வந்ததும் நோட்டைத் திறந்து தேதியும் பிரிண்டர் பெயரும் எழுதினார். "எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"கம்பெனி சைட்லேர்ந்துதான் மேடம்."

நான் அதைப் பார்க்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஹாஷ் ஒருதரம் பாத்துர்றேன்."

"மேடம், என் கையில பன்னெண்டு டியூப் கீது. ஒண்ணுத்து மேலயும் பேரு இல்ல. இன்னும் ரெண்டு நிமிஷம் போனா யாரோடது யாருதுன்னு எனக்கே தெரியாது. ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல போயிடும். போட்டுக் குடுங்க மேடம்!"

அவர் என் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாஸ்வேர்டைத் தட்டினார். பிரிண்டர் ஓடியது. அதற்குள் மாடியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். நோட்டை மூடிக்கொண்டு ஓடினார். எல்லோரும் பிழைத்தோம் என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்து ஆஸ்பத்திரி நடுவில் நின்று சத்தம் போட்டார். அவர் மகள் சுகுணா. வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிற பெண். விடாத இருமல் என்று வந்தவளுக்கு நான்தான் சளி பரிசோதித்து டிபி இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுதினேன். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். இது வெளியே தெரிய வேண்டாம் என்று குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தகப்பனாருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. கையில் காபித் தட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். "உங்க பொண்ணு சுகுணாவுக்கு டிபின்னு ரிப்போர்ட் வந்திருக்குதே, எங்ககிட்ட நல்ல மருந்து இருக்கு" என்று ஒருவன் பேசியிருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"எங்க தெருவுல இருக்கறவதான உங்க ஆஸ்பத்திரில டைப் அடிக்கிறா? அவதான் சொல்லியிருக்கா. வேற யாருக்குத் தெரியும்?" என்று கோமதியைக் கைகாட்டினார்.

அதே வாரம் இன்னும் இரண்டு பேர் இதே புகாரோடு வந்தார்கள். மூன்று ரிப்போர்ட்டும் கோமதியின் கம்ப்யூட்டரில் அடித்தவை. மேனேஜர் கோமதியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் அழுதுகொண்டே பையை எடுத்தாள். அப்போதுதான் மேடம் டாக்டர் அறைக்குள் போனார்.

"ரெண்டு நாள் குடுங்க சார். அதுவரைக்கும் அந்தப் பொண்ண அனுப்பாதீங்க."

"அவ பண்ணலன்னு சொல்றீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். பண்ணாளான்னும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

டாக்டர் ஒத்துக்கொண்டார். கோமதியின் கம்ப்யூட்டரில் செருகியிருந்த இணைய வயரை மேடம் பிடுங்கினார். அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே நகல் எடுத்தார். மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் எடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டரைக் கையெழுத்துப் போட வைத்தார். நாளைக்கு யாராவது நீயே ஏதாவது செருகி வைத்தாய் என்று சொல்லக்கூடாதல்லவா. பிறகு அந்த நகலில் இருந்த ஃபைல்கள் ஒவ்வொன்றையும் தன் பட்டியலோடு ஒப்பிட விட்டார். லட்சக்கணக்கில் ஃபைல்கள். நாள் முழுக்க ஓடியது.

"தெரிஞ்சதெல்லாம் ஒதுங்கிட்டா, தெரியாதது மட்டும் நிக்கும். அப்புறம் அத்த ஒண்ணொண்ணா பாக்கலாம்" என்றார்.

மறுநாள் மதியம் சில நூறு ஃபைல்கள் மட்டும் மிச்சம் நின்றன. கோமதியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இது இன்னாம்மா?"

"எங்க சித்தி பொண்ணு கல்யாண போட்டோ மேடம்."

"இது?"

"நானே அடிச்சேன் மேடம். பேங்க் பரீட்சைக்கு லெட்டர்." சொல்லிவிட்டுக் கோமதி விசும்பினாள். வேறு வேலைக்கு முயற்சி செய்வதை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறாளே என்று பயம்.

"அத்த நான் பாக்கவே இல்ல. அடுத்தது" என்றார் மேடம்.

கடைசியில் ஒரு ஃபைல் நின்றது. ஸ்டிக்கர் பிரிண்டரின் சாஃப்ட்வேர் இருக்கும் இடத்திலேயே இருந்தது. பெயரும் அதன் பெயர்தான். இதே ரகப் பிரிண்டர் வேறு வேலைகளுக்காக ஆஸ்பத்திரியில் இன்னும் நான்கு இடத்தில் உண்டு. அந்த நான்கிலும் அதே பெயருள்ள ஃபைல், பட்டியலில் உள்ள அதே ஹாஷோடு இருந்தது. இதில் மட்டும் வேறு.

"பிடிச்சிட்டோம் மேடம்!" என்றேன்.

"இல்லீங்க. இது வேற ஃபைலுன்னு தெரியுது. கெட்டதான்னு இன்னும் தெரியாது" என்று சொல்லி, சென்னையில் இதே தொழிலில் இருக்கும் தன் பழைய வகுப்புத் தோழிக்கு அதை அனுப்பினார். சாயங்காலம் அந்தத் தோழி போன் செய்தார். அந்தக் கம்ப்யூட்டரில் அச்சாகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரு நகலை வெளியே அனுப்புகிற வேலையை அது செய்துகொண்டிருக்கிறது என்றார்.

அது எதனோடு வந்தது என்று மேடம் தேடினார். இறக்கி வைத்த பொதி அதே கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. பிரித்துப் பார்த்தார். அந்த ஃபைல் அதற்குள் இருந்தது, அதே அறுபத்து நான்கு எழுத்தோடு. பிறகு நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. தேதி இருந்தது. பிரிண்டர் பெயர் இருந்தது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"அன்னிக்கு கிருத்திகை" என்றார்.

"ஆங்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டை மூடிவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

டாக்டரும் மேனேஜரும் இருந்தார்கள். மேடம் நடந்ததை வரிசையாகச் சொன்னார். கடைசியில் நோட்டை மேஜை மேல் விரித்து வைத்தார். "கோமதி மேல ஒண்ணும் இல்ல சார். இந்த சாஃப்ட்வேர நான்தான் போட்டேன். அன்னிக்கு ஹாஷ் பாக்கல. பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

என் பெயரைச் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று உள்ளே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர், விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும், ஆஸ்பத்திரி பெயர் கெட்டுவிடும் என்றார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க ரிப்போர்ட்டு சார் அது. போனது அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும். நானே போய்ச் சொல்றேன்." டாக்டர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கோமதியிடம் மன்னிப்புக் கேட்டார். போலீசிலும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மேடத்தைப் போய்ச் சொல்லச் சொன்னார்.

மற்ற இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் அம்மையார்குப்பம் போனார். நான் என் பைக்கில் கூட்டிப் போனேன்.

நாங்கள் போனபோது சுகுணாவின் தகப்பனார் தறியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார். சட்டென்று வீடு அமைதியானது. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. மேடம் நின்றுகொண்டே சொன்னார். யாரும் வாயால் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தான் போட்ட ஒன்றுதான் ரிப்போர்ட்டுகளை வெளியே அனுப்பியது, சரி பார்க்காமல் போட்டது தன் தப்பு என்றார்.

சுகுணாவின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயோ, கோமதின்னு நெனச்சிகினு அவங்க வூட்டாண்ட போயி மண்ண வாரித் தூத்துனேனே! பெத்தவள நிக்க வெச்சிக் கேட்டேனே!"

அந்த இடத்தில்தான் என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"அந்த ஃபைல எடுத்தது நான்தாம்மா. மேடம் பாக்கறேன்னுதான் சொன்னாங்க. பாக்க விடாம அவசரப்படுத்தனது நான். எங்கேர்ந்து எடுத்தேன்னு கேட்டப்ப பொய் சொன்னதும் நான்" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வந்து சொல்லிட்டா போன சம்மந்தம் வந்துருமா?" என்று தகப்பனார் கேட்டார்.

சுகுணா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். நிறுத்திவிட்டேன் என்றாள். எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்து அந்த ஆஸ்பத்திரிப் படியே மிதிக்கவில்லை என்றாள். பிறகு மேடத்திடம் கேட்டாள்.

"இனிமே வந்தா வெளிய தெரியாதில்ல?"

தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவள் நிற்கிறாள்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "இது வந்த வழிய மூடிட்டேம்மா. அது எனக்கு நல்லாத் தெரியும். வேற வழி கீதான்னு மத்த கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாத்துகினு கீறேன். இன்னும் முடியல. முடிஞ்சதும் உனக்கு வந்து சொல்றேன்" என்றார்.

சுகுணா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நாளைக்கு டாக்டர் இருப்பாரான்னு கேளும்மா" என்றாள்.

மறுநாள் காலை தாயும் மகளும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பதிவு செய்கிற இடத்தில் கோமதி இருந்தாள். சுகுணாவின் அம்மா அவள் எதிரில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. "பேரு எழுதிக்கம்மா" என்றார் கடைசியில். கோமதி எழுந்து உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டாள். பிறகு உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

நான் மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் முன்னால் வேறொரு கம்ப்யூட்டரின் ஃபைல்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"வந்துட்டாங்க மேடம்."

"எத்தினி நாள் மாத்திரய வுட்டிருக்கா?"

"மூணு வாரம்."

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்வாருன்னு நெனைக்கிறேன். ஆனா சாப்புட்டா சரியாயிடும் மேடம்."

அவர் தலையாட்டினார். புடவைத் தலைப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"இன்னும் பதினோரு கம்ப்யூட்டர் கீது" என்றார். நான் உட்கார்ந்தேன்.